கை பிடித்தேன் என்று எழுதியவனுக்கு

மஸ்விங்கோ,
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

குரங்குக் குலத்து டிச்சாவோனாவுக்கு, சிங்கக் குலத்து யோசியா முனெட்சி எழுதுவது.

நலமா என்று கேட்கமாட்டேன். சாவு விழுந்த வீட்டுக்காரனும் அவன் நண்பனும் கை பிடிக்காமல் நலம் விசாரித்துக்கொள்வது நம் வழக்கத்தில் இல்லை. நீ இன்னும் என் கையைப் பிடிக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம் நலம் விசாரிக்காமலே தொடங்குகிறது. இந்த மரியாதைக் குறைவு என்னுடையதல்ல, உன்னுடையது.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். குடும்பக் குழுவிலிருந்து நான் வெளியேறி இரண்டு மாதமாகிறது. 'யோசியா வெளியேறினார்' என்று அது தானாகவே ஊருக்கெல்லாம் அறிவித்தது. அதற்கும் யாரோ கட்டைவிரலை உயர்த்தியிருந்தானாம். இந்தக் கடிதத்தை ஜோஹன்னஸ்பர்க்கில் பின்னல் விரிப்பு விற்கப் போகும் மாய் ரூபேன் கொண்டுவருகிறாள். படித்துவிட்டு மடித்து வை. படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே. இந்த நாட்டில் யார் எதை எவருக்கு அனுப்பினாலும் கடைசியில் அது என் அத்தையிடம் வந்து சேர்ந்துவிடும்.

முதல் மழை வந்துவிட்டது. நம் ஊர் குட்டுவில் மக்காச்சோளம் விதைத்தாயிற்று. போன வாரம் ஈசல் பறந்தது. அத்தை வறுத்த ஈசல் ஒரு பொட்டலம் உனக்கென்று இதனுடன் வருகிறது. அது அவள் அனுப்புவது, நான் அனுப்பியதாக நினைத்துக்கொள்ளாதே. கல்லூரியில் தேர்வு நடக்கிறது. எனக்கு வர வேண்டிய முதல்வர் நாற்காலியில் க்வென்சி இன்னும் உட்கார்ந்திருக்கிறான், நாற்காலிக்குத்தான் வலிக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி ஷுவாயி கொடிக்கடியிலேயே விழுந்து இறந்துபோனாளே, அன்று உன்னிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: 'சஹ்விரா, கை பிடித்தேன்.' பக்கத்தில் கூப்பிய மஞ்சள் கைகள் இரண்டு. அவை யாருடைய கைகள்? உன் கை எனக்குத் தெரியும். இடது கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு இருக்கும். கரும்பு வெட்டப்போய் நீ அதை வெட்டிக்கொண்டபோது என் சட்டையைக் கிழித்துத்தான் கட்டினோம். அந்த மஞ்சள் கைகளில் தழும்பு இல்லை. நம் மொழியில் துக்கம் கேட்பதற்கே கை பிடிப்பது என்று பெயர். நம் முன்னோர்கள் 'சொல் அனுப்புவது' என்றோ 'படம் அனுப்புவது' என்றோ பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நடந்து வந்து, வாசலில் உட்கார்ந்து, நீட்டிய கையைப் பிடித்து, 'துன்பத்தோடு வந்திருக்கிறோம்' என்று வாயால் சொல்ல வேண்டும். நீ படுக்கையில் சாய்ந்துகொண்டு கை பிடித்திருக்கிறாய்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் அப்படித்தான் பிடித்தார்கள். என் கை முழுக்கக் கைகள். க்வென்சியின் கதையைக் கேள். அவன் வீடு என் வேலிக்கு அந்தப் பக்கம். அவன் தும்மினால் என் நாய் குரைக்கும். அவன் வேலியைத் தாண்டி வரவில்லை, கல்லூரிக் குழுவில் எழுதினான்: 'தங்கள் அருமைத் தந்தையார் திரு. ச்சௌக்கே அவர்களின் மறைவுக்கு நிர்வாகத்தின் ஆழ்ந்த இரங்கல்.' காவலாளி ச்சௌக்கேயின் அப்பா ஜூனில் இறந்தார். அந்த இரங்கலை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறான், பெயரைக்கூட மாற்றவில்லை. அதன் கீழே நம் விரிவுரையாளர்கள், முனைவர் பட்டக்காரர்கள், வரிசையாக 'ஆமென்' 'ஆமென்' என்று போட்டிருக்கிறார்கள். ஒருவன்கூடப் படிக்கவில்லை. என் தந்தை நாம் பள்ளியில் படிக்கும்போதே இறந்தவர். அவரை அடக்கம் செய்ததே உன் அப்பாதான்.

அது உனக்கு நினைவிருக்கிறதா? உன் அப்பா என் அப்பாவின் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே வலது காலை இழுத்து நடந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எங்களை அதட்டினார்: "என்னடா எல்லாரும் அழுதுட்டு நிக்கிறீங்க? சிங்கம் செத்துப்போச்சுன்னு சந்தோஷமா? என் பீர்ப் பானைய எவன்டா தொட்டது?" அழுதுகொண்டிருந்த என் அம்மா தோள்துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் அவளால் எழுந்து நிற்க முடிந்தது. பிறகு உன் அப்பா கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குழிக்குள் இறங்கி மண்ணைச் சரிசெய்தார். சஹ்விரா என்றால் அதுதான். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் உங்கள் வீட்டான் வந்து கேலி செய்து எங்களை எழுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் விழுந்தால் நான். உன் அப்பாவின் சாவில் நான் செய்தேனா இல்லையா? அவருடைய தொப்பியை வைத்துக்கொண்டு உன் மாமியாரிடம் மூக்குப்பொடி கேட்டேனா இல்லையா?

சரி, நீ வரவில்லை. நாங்கள் குட்டுவில் குழிக்கு முன்னால் நின்றோம். புழுதிக் காற்று. எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது யூஜினியா அத்தை கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சஹ்விரா வந்துட்டான்! எல்லாரும் கிட்ட வாங்க. பின்னாடி நிக்கிறவங்க மொத்தமா வந்து மறைக்காதீங்க, திரை சின்னது!"

தேவாலயத்து ஒலிவாங்கிக்கு எதிரே அதை வைத்தார்கள். நீ தெரிந்தாய். தலையில் கட்டிய துணி, இடுப்பில் பாவாடை, மூக்கில் யாருடையதோ கறுப்புக் கண்ணாடி. நீ வாயைத் திறந்தாய். அது ஷுவாயியின் குரல். "யோசியா, வரலாற்று வாத்தியாரே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எந்த ராஜா எந்த மலையில இருந்தான்னு தெரியும். உங்க காலுறை எங்க இருக்குன்னு தெரியாது." கூட்டம் சிரித்தது. நான் சிரித்தேன். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காத தொண்டையிலிருந்து சிரிப்பு வந்தது. பிறகு நீ கண்ணாடியைக் கழற்றினாய். பாவாடை நுனியில் துடைத்தாய். மடித்தாய். மேசைமேல் வைத்தாய்.

அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசையில் சட்சாக் களியை உருட்டிக்கொண்டு எங்கள் சண்டைகளை வேடிக்கை பார்த்த உனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அங்கே படம் முடிந்தது. நீ இரண்டு துண்டாக அனுப்பியிருக்கிறாய். இரண்டாம் துண்டு இறங்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. குழிக்குப் பக்கத்தில் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் நான், அத்தனை உறவினரும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தோம். அத்தை ஒரு எறும்புப் புற்றின்மேல் ஏறி நின்று கைபேசியை வானத்துக்குக் காட்டினாள். "வருது, வருது, ஒரு கோடு வந்துடுச்சு!" வரவில்லை. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை இறக்கிவிட்டார்கள். நீ என் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவளைப் பாதியில் புதைக்க வைத்தாய். இதை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு இருக்கிறது.

செப்டம்பரில் ஒருநாள் கல்லூரியிலிருந்து முச்செக்கேவுக்குக் கோம்பி வேன் ஏறினேன். நாலு பேர் இருக்கையில் ஐந்தாவதாக உட்காரச் சொன்னதற்கு ஒரு அம்மாள் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா, அவன் அம்மா எல்லோரும் இழுக்கப்பட்டார்கள். கடைசியில் அந்தக் கண்டக்டர் என்ன செய்தான் தெரியுமா? இல்லாத கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்தான். மடித்தான். உள்ளங்கையில் வைத்தான். பிறகு பெண் குரலில் சொன்னான்:

"நான் பேசி முடிச்சிட்டேன். இனி நீங்க கத்தலாம்."

வண்டி முழுக்கச் சிரிப்பு. சண்டை போட்ட அம்மாளும் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

"சிரிங்க ஐயா! இதுகூடத் தெரியாதா? எழவு வீட்டு வீடியோ. போன்ல எல்லார்கிட்டயும் இருக்கு. அந்தப் பொம்பள யாரோ தெரியல, செத்தும் சிரிக்க வெக்கிறா பாருங்க. காட்டட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீடுவரை நடந்தேன்.

அதற்குப் பிறகு அது எங்கும் இருந்தது. தக்காளி விற்கிறவள் பேரம் பேசுபவனிடம் அதைச் சொல்கிறாள். என் மாணவி ஒருத்தி வகுப்பில் கட்டுரை வாசித்து முடித்துவிட்டு அதைச் சொல்கிறாள். ஒரு கோம்பியின் முதுகில் சிவப்பு எழுத்தில் எழுதியே வைத்துவிட்டான். தினமும் காலை அந்த வண்டி கல்லூரி வாசலில் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கிறது. இருபத்தாறு வருடம் என் வீட்டுச் சுவருக்குள் மட்டும் சொல்லப்பட்ட சொல், டிச்சாவோனா. என்னை அடக்குவதற்கென்று அவள் கண்டுபிடித்த சொல். அதைச் சொன்னால் எனக்குக் கத்த வாய் வராது என்பது அவளுக்குத் தெரியும். இப்போது ஸாம்பியாவின் லுசாகாவில் யாரோ முகம் தெரியாதவன் அதற்கு ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிறான்.

சாவு வீட்டுச் சிரிப்பு வேலிக்குள் இருக்க வேண்டியது. அழுதவனுக்கு மட்டும்தான் அங்கே சிரிக்க உரிமை. மறுநாள் யாரும் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. உன் அப்பா செய்ததை இந்தக் கடிதத்துக்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வேலியே இல்லை. மனிதர்களை இணைக்கிறதாம்! இணைத்திருக்கிறது. அழாதவர்கள் அத்தனை பேரையும் என் மனைவியின் பெட்டியோடு இணைத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் க்வென்சியை மட்டும் இணைக்க முடியவில்லை.

யார் வெளியே விட்டது என்று விசாரித்தேன். குட்டுவுக்குப் போய் அத்தையின் அடுப்படியில் நின்றேன். அவள் ஈசல் வறுத்துக்கொண்டிருந்தாள், ஒரு கையில் கரண்டி, மறு கையில் கைபேசி. எழுபது வயதில் தினமும் காலையில் ஊருக்கெல்லாம் ரோஜாப்பூ அனுப்புகிற பெண்மணி.

"ரெண்டு துண்டும் இறங்குனதும் நான் சர்ச் பொம்பளைங்க குழுவுக்குத்தான்டா அனுப்புனேன். அவங்க அழுதவங்கதானே? ஷுவாயிக்காக மூணு நாள் ஜெபம் பண்ணாங்க. ஸாம்பியா சகோதரிங்களும் அதுல இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?" என்றேன்.

"யாரைக் கேக்கணும்? குழுவ ஆரம்பிச்சதே நான். ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லு. உன் பொண்டாட்டிய ஊருக்குக் கொண்டுவர பஸ் யாரு பிடிச்சா? நீயா? நீ சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தே. புலவாயோவுல இருந்து அவ தங்கச்சிய யாரு வரவெச்சா? குழி வெட்ட ஆள் யாரு சொன்னா? எல்லாம் இதுல இருந்துதான். இத ஏன்டா திட்டுறே? மனுஷன் வரலன்னா மனுஷனத் திட்டு."

அவள் சொன்னது உண்மை. உண்மையாக இருப்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "சரி, மனுஷனையே திட்டுகிறேன். வெள்ளி நிறக் கார் வைத்துப் படம் படமாகப் போடுகிறவனுக்குத் தன் சஹ்விராவின் மனைவி சாவுக்கு ஒரு நாள் ஓட்டி வர முடியாதா?" என்றேன்.

அத்தை அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். கைபேசியை முதல்முறையாகக் கீழே வைத்தாள்.

"காரா? அது அவன் மொதலாளியோடதுடா. கழுவுறதுதான் அவன் வேலை. தோட்டம், நாய், கார். வந்தா திரும்பிப் போக முடியாது அவனால. அவன்கிட்ட காயிதமே இல்ல. பெய்ட்பிரிட்ஜ் எல்லைப் பாலத்துல கால வெச்சா அஞ்சு வருஷம் உள்ள விடமாட்டாங்களாம். அங்க ரெண்டு பிள்ளைங்க அவன் கையப் பாத்துட்டு இருக்கு. சேதி போன அன்னிக்கே எனக்குப் போன் பண்ணான். பேசவே இல்ல, மாடு மாதிரி அழுதான். 'அத்தை, நான் எதாவது செஞ்சு அனுப்புறேன், அவன் சிரிக்கணும்'னான். மொதலாளியம்மா கண்ணாடிய எடுத்து மாட்டிட்டு, கார் கொட்டாயில நின்னு செஞ்சானாம். உன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினான். நானும் சொல்லல. இப்ப நீ சொல்ல வெச்சுட்ட."

டிச்சாவோனா, இதுதான் என் மூன்றாவது குற்றச்சாட்டு. முதல் இரண்டையும்விட இதுதான் பெரியது.

எத்தனை வருடமாகக் கைபேசியில் உன்னை நான் தினமும் பார்த்தேன்! வெள்ளிக் காரில் சாய்ந்திருக்கும் நீ. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நீ. இறைச்சி சுடும் அடுப்புக்கு முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நீ. எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தினேன். காரில் நீ சாய்ந்திருந்த படத்தை ஷுவாயியிடம் காட்டி, "பார், புவியியல் வாத்தியாராக இருந்தவன் எங்கே போய்விட்டான்!" என்றேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "காரு நல்லாருக்கு. அவன் கால்ல என்ன போட்டிருக்கான்னு பாருங்க" என்றாள். ரப்பர் பூட்ஸ். வெயில் நாளில், கார் ஓட்டுகிறவன் காலில், ஈரமான ரப்பர் பூட்ஸ்.

உன்னைப் பார்க்காமலே இருந்திருந்தால் நான் விசாரித்திருப்பேன். போகிற வருகிறவர்களிடம் கேட்டிருப்பேன், "அவன் எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா, யார் வீட்டில் இருக்கிறான்" என்று. தினமும் பார்த்ததால் கேட்கவில்லை. நீ எனக்கு எழுதியிருக்கலாம், 'சிங்கமே, குரங்கு வேலிக்குள் மாட்டிக்கொண்டது' என்று. நம் அப்பாக்கள் இருவரும் எதற்காக நம்மைச் சேர்த்து வைத்தார்கள்? என்னிடம் பல்லைக் காட்டிவிட்டு அத்தையிடம் அழுவதற்கா? அழுவதற்கு நான் இல்லையா? எனக்குத் தெரிந்திருந்தால், குழிக்கு முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கமாட்டேன்.

உன்னிடம் நானே போவதாக அத்தையிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"துக்கக்காரன் துக்கம் கேக்க வெக்கிறதுக்குப் பஸ் ஏறிப் போறதா? எங்கயாவது உண்டாடா? செத்தவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்" என்றேன். "உங்கள் ஸாம்பியா சகோதரிகள் மட்டும்தான் சிரிக்க வேண்டுமா?"

என்னிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. தேர்வுத் தாள் திருத்தி முடித்ததும், டிசம்பர் முதல் வாரத்தில் பஸ் ஏறுகிறேன். பாலத்தை நீ தாண்ட முடியாது, நான் தாண்டுகிறேன். வருவாயா என்று உன்னைக் கேட்டால் உன் பெயரையே பதிலாகச் சொல்வாய், 'பார்ப்போம்' என்று. உன் அப்பா பெயர் வைக்கும்போதே தப்பித்துக்கொள்ள வழி செய்து வைத்திருக்கிறார். அதனால் கேட்கவில்லை. பஸ் வந்து நிற்கும் பார்க் ஸ்டேஷனில் போலீஸ் நின்று காகிதம் கேட்கும் என்றால் அங்கே வராதே. டெம்பிசாவில் உன் அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்று மாய் ரூபேனிடம் வாயால் சொல்லி அனுப்பு. நானே கண்டுபிடித்து வருகிறேன். பூட்ஸைக் கழற்றி ஒளித்து வைக்காதே.

கைபேசியை அன்று பிள்ளைகளிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிடு. முதலில் கை பிடி. இரண்டு கையாலும் பிடி. வாயால் சொல். பிறகு, அந்த இரண்டாம் துண்டை எனக்குச் செய்துகாட்ட வேண்டும். உலகமே பார்த்துவிட்டது, நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன், உன் முகத்தில் தவிர. ஷுவாயியின் துணிமணிகளை அவள் வீட்டார் முறைப்படி பங்கிட்டுக்கொண்டார்கள். கண்ணாடியை யாரும் எடுக்கவில்லை, யார் கண்ணுக்கும் பொருந்தவில்லை. சட்டைப் பையில் கொண்டுவருகிறேன். மடித்து வைத்த இடத்திலிருந்து தொடங்கு. மொதலாளியம்மாவின் கண்ணாடி உனக்குப் பொருந்தவே இல்லை.

ஆண்டவரும், உன் வீட்டு இறந்தவர்களும் என் வீட்டு இறந்தவர்களும், இப்போது அவர்களோடு போய் உட்கார்ந்திருப்பவளும், உன்னையும் பிள்ளைகளையும் அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்திரமாக வைத்திருக்கட்டும், நான் வந்து சேரும்வரை.

நான் பேசி முடிச்சிட்டேன். இனி நீ கத்தலாம்.

இன்னும் கை நீட்டிக்கொண்டிருக்கும்
உன் சிங்கம்,
யோசியா